பன்னிரண்டு மணிப் பழுது

மார்ச் 3, ஞாயிறு

டிஷ் மாட்டியாயிற்று. நானே மாட்டினேன்.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் டிஷ் கடை வைத்திருக்கும் காஜா மைதீன், "ஆள் அனுப்புதேன் சார், அரை மணி நேர வேலைதான்" என்றான். முப்பத்திரண்டு வருஷம் தொலைபேசி இலாகாவில் லைன் பார்த்து, லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவனுக்கு, கோவில்பட்டியில் ஒரு தகரத் தட்டை ஆகாயத்தைப் பார்த்துத் திருப்பி வைக்க ஆள் வேண்டுமா? தட்டையும் பெட்டியையும் கேபிளையும் மட்டும் கொடு என்று வாங்கி வந்துவிட்டேன்.

மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியை ஒட்டின கைப்பிடிச் சுவரில் நாலு போல்ட் இறக்கினேன். டிஷ் விவகாரம் பார்க்கத்தான் சுலபம். விரற்கடை அளவு தள்ளிப் போனால் போதும், படம் கிடையாது. மேலே நான் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப, கீழே டி.வி. முன்னால் நின்று மாரி குரல் கொடுத்தாள். "இல்ல சார்... இல்ல... வந்துட்டு, வந்துட்டு! அய்யோ போயிட்டு சார்!" இப்படி ஒரு மணி நேரம். கடைசியில் சிக்னல் எண்பத்திரண்டு சதவீதம் நின்றது. போல்ட்டை இறுக்கி, போல்ட்டுக்கும் கிளாம்புக்கும் சேர்த்து ஒரு சிவப்புப் பெயிண்ட் கோடு இழுத்தேன். யாராவது அசைத்தால் கோடு காட்டிக்கொடுத்துவிடும்.

மாரி என்கிற சந்தனமாரி, செண்பகத்தைப் பார்த்துக்கொள்ளக் காலையில் வந்து மாலையில் போகிறவள். ஐப்பசியில் என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, கால் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. மூக்கு வழியாகக் குழாய் விட்டுக் கஞ்சி ஊற்றினார்கள். இரண்டு தடவை பிடுங்கிப் போட்டாள். அப்புறம் நல்லாயிருந்த இடது கையையும் கட்டிலோடு சேர்த்துக் கட்டினார்கள். அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. தையில் மாரி வந்தாள். மூன்றே வாரத்தில் வாயால் சாப்பிட வைத்துவிட்டாள். டாக்டர் குழாயை எடுத்தபோது சொன்னது: "வாய் வழியா இறங்கிக்கிட்டே இருக்கணும். நின்னா திரும்பக் குழாய்தான் சார்."

எப்படிச் சாப்பிட வைத்தாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த நேரம் கதவைச் சாத்திவிடுவாள். "அக்காவுக்குக் கூச்சமா இருக்கும் சார், வாய் ஒழுகுதுல்லா" என்பாள். நான் முன்னறையில் இருப்பேன்.

மார்ச் 8, வெள்ளி

படம் கண்ணாடி மாதிரி தெளிவு. பதினொன்றரையிலிருந்து பன்னிரண்டரை வரை ஒரு சீரியல், ஒரு மாமியாரும் நாலு மருமகள்களும். செண்பகம் அதை இமை தட்டாமல் பார்க்கிறாள். தினசரி நடப்பு இதுதான்: 11.55க்கு மாரி தூக்குவாளியோடு மாடிக்குப் போவாள். நான் செண்பகத்தின் பக்கத்தில் உட்காருவேன். பன்னிரண்டேகாலுக்கு மாரி இறங்கி வந்ததும் நான் முன்னறைக்குப் போய் மெஸ் கேரியரைப் பிரிப்பேன். உள்ளே செண்பகத்துக்குச் சாப்பாடு.

அந்த இருபது நிமிஷம்தான் நானும் அவளும் தனியாக இருக்கும் நேரம். அவள் டி.வி.யைப் பார்ப்பாள். நான் அவளைப் பார்ப்பேன்.

மார்ச் 12, செவ்வாய்

12.02 முதல் 12.04 வரை படம் இல்லை. திரையில் 'சிக்னல் இல்லை' என்று வந்தது. தானே சரியாகிவிட்டது. மேகம் இல்லை, காற்று இல்லை. குறித்து வைக்கிறேன்.

மார்ச் 13, புதன்

12.01 முதல் 12.06 வரை. நேற்றைப் போலவே. செண்பகம் "ஆ, ஆ" என்று திரையைக் காட்டினாள். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அப்புறம் வாசல்படிப் பக்கம் பார்க்க ஆரம்பித்தாள். மாடிப்படி இறங்கும் இடத்தை.

மார்ச் 14, வியாழன்

11.59 முதல் 12.07 வரை. எட்டு நிமிஷம்!

தானாக வரும் பழுது மணி பார்த்து வருவதில்லை. மணி பார்த்து வந்தால் அங்கே ஒரு கை இருக்கிறது என்று அர்த்தம். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. எட்டயபுரம் ரோட்டில் ஒரு பஞ்சு வியாபாரியின் போன் தினமும் மதியம் மூன்று மணிக்குச் செத்துப்போகும், நாலுக்கு உயிர் வரும். பதினைந்து நாள் எல்லோரும் கம்பத்தையும் கேபிளையும் குடைந்தார்கள். நான் போய் ஒரு நாள் கடையில் உட்கார்ந்தேன். கணக்குப்பிள்ளை தூங்குவதற்காக ஒயரைத் தளர்த்தி விடுகிறான்! கையும் களவுமாகப் பிடித்தேன். அதிலிருந்து இலாகாவில் மணி தவறாத பழுது என்றால் ஆவுடையப்பனைக் கூப்பிடு என்பார்கள்.

இங்கே 11.55க்கு மாடிக்குப் போகிறவள் ஒருத்திதான்.

நான் அவசரப்படவில்லை. மாடிக்குப் போய்ச் சிவப்புக் கோட்டைப் பார்த்தேன். விலகவில்லை. ஆனால் கோடு போட்ட அன்று அவள் மேலே வந்து பக்கத்தில் நின்று, "இது எதுக்கு சார்?" என்று கேட்டாள். நானும் பெருமையாக விளக்கினேன். முட்டாள்தனம். எதை எவ்வளவு திருப்பினால் படம் வரும், போகும் என்று ஒரு மணி நேரம் கீழே நின்று குரல் கொடுத்தே அவள் படித்துக்கொண்டாள். அதற்கு நானே வாத்தியார்.

ஏன் செய்கிறாள் என்பதுதான் பிடிபடவில்லை.

மார்ச் 15, வெள்ளி

பிடிபட்டுவிட்டது.

11.58 முதல் 12.08 வரை படம் போயிற்று. செண்பகம் அழுதாள். நான் கையைப் பிடித்தேன், உதறிவிட்டாள். மாரி இறங்கி வந்து, "என்னக்கா, படம் போச்சா? அதான் வந்துட்டுல்லா" என்று கன்னத்தைத் துடைத்ததும் அடங்கிவிட்டாள். சிரிக்கக்கூடச் செய்தாள், ஒரு பக்க வாயால்.

படத்தை நிறுத்தினால் செண்பகம் யாரைத் தேடுவாள்? என்னையா? தான் இல்லாமல் இந்த வீட்டில் ஒரு மதியம்கூட ஓடாது என்று எனக்குக் காட்டுகிறாள். பிள்ளை மஸ்கட்டிலிருந்து போன் போட்டால் முதலில் கேட்பதே "மாரியக்கா வந்தாங்களா?" என்றுதான். அப்பா எப்படி இருக்கிறீர்கள் என்பது அப்புறம்.

இன்று காலையிலேயே இரண்டு வேலை செய்து வைத்திருந்தேன். டிஷ்ஷுக்கு முன்னால் நீளும் கைக்கும் அதைத் தாங்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு கறுப்பு நூல் கட்டினேன். மாடித் தரையில், டிஷ்ஷைச் சுற்றி, முகப் பவுடரைத் தூவி வைத்தேன். பக்கத்து வீட்டு மாடியிலிருந்து யாரோ பார்த்தார்கள். எறும்புக்கு என்று சொன்னேன்.

ஒரு மணிக்கு ஏறிப் பார்த்தேன். பவுடரில் காலடி. நேராக டிஷ்ஷுக்கு வந்து, அதற்குக் கீழே உட்கார்ந்த தடம். இரண்டு சோற்றுப் பருக்கை. கை நீட்டினால் எட்டுகிற தூரம். நூல் அறுந்திருக்கவில்லை. அறுக்காமல் அவிழ்த்துத் திரும்பக் கட்டியிருக்கிறாள்! கைதேர்ந்தவள்தான்.

மாடியில் இவ்வளவு இடம் இருக்க அங்கே போய் ஏன் உட்கார வேண்டும்? அந்த உச்சி வெயிலில் வேறு நிழல் கிடையாதுதான். டிஷ் நிழல் ஒரு ஆளின் தலைக்குத்தான் காணும். இருந்தாலும்.

அவள் மாடியில் சாப்பிடுவதைப் பற்றி ஒன்று எழுதிவிடுகிறேன். வந்த முதல் நாளே சொல்லிவிட்டேன், வீட்டுக்குள் வைத்துச் சாப்பிட வேண்டாம் என்று. அவள் தெரு வேறு, எங்கள் தெரு வேறு. எங்கள் அப்பா காலத்திலிருந்து உள்ள பழக்கம், நான் புதிதாக எதுவும் செய்யவில்லை. தண்ணீருக்குத் தனி டம்ளர் பின்கட்டில் இருக்கிறது, நல்ல டம்ளர்தான். அவளுக்கு அதில் வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை. கேட்டதில்லை.

மார்ச் 16, சனி

11.57 முதல் 12.08 வரை. துணிச்சல் நாளுக்கு நாள் ஏறுகிறது. இரண்டு நிமிஷத்தில் ஆரம்பித்துப் பதினொன்றில் வந்து நிற்கிறது.

மாலையில் அவளைக் கூப்பிட்டேன். நாட்குறிப்பைத் திறந்து தேதி, மணி எல்லாம் வாசித்துக் காட்டினேன். அவளுக்குப் புரிய நேரம் பிடித்தது.

"நான் எதுக்கு சார் அதத் தொடப் போறேன்?"

"நீ போற நேரம் படம் போகுது. நீ கீழ வாறதுக்குள்ள படம் வந்துருது. இதுக்கு நீ பதில் சொல்லு."

"எனக்குத் தெரியாது சார். எம்மேல சத்தியமா நான் தொடல. என் சோத்தத் தின்னுட்டு எந்திரிச்சு வாரேன், அம்புட்டுத்தான்."

"பவுடர்ல காலடி இருக்கு."

"பவுடரா?" என்றாள். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எனக்குப் பவுடர் போட்டு வச்சீயளா சார்?"

அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அழுவாள், கெஞ்சுவாள் என்று நினைத்தேன். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய், "அக்கா, வாரேன்" என்றாள். செண்பகத்துக்கு எப்படித்தான் விளங்கியதோ, இடது கையால் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை. நான்தான் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். கொஞ்சம் நேரம் பிடித்தது.

இனி நிம்மதி.

மார்ச் 17, ஞாயிறு

11.57 முதல் 12.08 வரை.

மாடிக்கு ஓடினேன். யாரும் இல்லை. பக்கத்து வீட்டு மாடி வழியாக வந்து போயிருக்கலாம். நடுவில் ஒன்றரை அடி இடைவெளிதான், எட்டு வைத்தால் தாண்டிவிடலாம்.

செண்பகத்துக்கு நானே ஊட்டினேன். நான்கூடச் சாப்பிடாமல் முதலில் அவளுக்குத்தான் குழைத்து எடுத்துப் போனேன். வாயைத் திறக்கவில்லை. கரண்டியை உதட்டில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். "ஆ சொல்லு", "கண்ணுல்ல" என்று என்னென்னவோ சொன்னேன். எனக்கே கூச்சமாக இருந்தது. இரண்டு மிடறு தண்ணீர் மட்டும் இறங்கியது.

பிள்ளை போன் செய்தான். மாரியக்கா வந்தாங்களா என்றான். ஞாயிற்றுக்கிழமை அல்லவா, லீவு என்று சொன்னேன். அவள் ஞாயிற்றுக்கிழமையும் வருகிறவள் என்பது அவனுக்கு ஞாபகம் இல்லை.

மார்ச் 18, திங்கள்

காலையில் கஞ்சி: இல்லை. மதியம்: இல்லை. ஆரஞ்சு ஜூஸ் நாலு ஸ்பூன்.

பதினொன்றரைக்கே குடையோடு மேலே போய், மாடிக் கதவை வெளிப்பக்கம் தாழ் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். டி.வி. சத்தத்தை முழுக்க ஏற்றி வைத்திருந்தேன், மேலேயே கேட்கும்படி. டிஷ்ஷின் கையை என் கையால் பிடித்துக்கொண்டேன். இனி எந்தக் கொம்பன் வந்து அசைக்கிறான் பார்ப்போம் என்று.

மாமியார் யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். 11.57. பாதித் திட்டில் சத்தம் நின்றுவிட்டது.

நான் அசையவில்லை. டிஷ் அசையவில்லை. மாடியில் ஈ, காக்கை இல்லை. டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கையின் நுனியில், சிக்னலை வாங்கும் அந்தக் குமிழ் மேல், தட்டில் பட்ட வெயில் குவிந்து வெள்ளையாக நின்றது. விரலை வைத்தேன், சுட்டது. ஒன்பது நிமிஷம் கழித்து வெயில் குமிழை விட்டுக் கொஞ்சம் தள்ளி விழுந்தது. கீழே மாமியார் மறுபடி திட்ட ஆரம்பித்தாள்.

வெகு நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வெயில் தாங்க முடியவில்லை. குடையை மடித்து வைத்துவிட்டு டிஷ் நிழலில் தலையை வைத்துப் பார்த்தேன். தலைக்குக் காணுகிறது. முதுகு எரிகிறது.

மார்ச் 19, செவ்வாய்

டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார். நாக்கு வறண்டிருக்கிறது, இப்படியே போனால் தாங்காது என்றார். "வியாழக்கிழமை வரைக்கும் பாப்போம். அப்பவும் சாப்பிடலன்னா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்துருங்க, குழாய் போட்டுருவோம்." செண்பகத்துக்குக் காது நன்றாகக் கேட்கும். இடது கையைப் போர்வைக்குள் இழுத்து வைத்துக்கொண்டாள்.

அவர் போனதும் நேராகக் காஜா கடைக்குப் போனேன். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் சிரித்துவிட்டான்.

"சூரியன் சார்! வருசத்துல ரெண்டு தடவ, மார்ச்லயும் செப்டம்பர் கடைசிலயும், சூரியன் சரியா அந்தச் சாட்டிலைட்டுக்கு நேர் பின்னாடி வந்து நிக்கும். சூரியன் போடுத இரைச்சல்ல சாட்டிலைட்டு பேசுதது டிஷ்ஷுக்குக் காதுல விழாது. மொத நாளு ரெண்டு நிமிசம், அப்டியே கூடி, அப்டியே கொறஞ்சு, ஒரு எட்டு ஒம்பது நாள்ல தானா போயிரும். இதே பெட்டி வச்சிருக்க எல்லா வீட்டுலயும் இதே நேரம் போகும் சார்."

"எல்லா வீட்டுலயுமா?"

"கடைக்கு நாப்பது போன் வந்துட்டு இந்த வாரம். ஒங்களுக்கென்ன, டெலிபோன்ல இருந்தவுக, ஒரு போன் போட்டிருக்கலாம்லா?"

ஏன் போடவில்லை என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை. இன்று 11.58 முதல் 12.04 வரை. காஜா சொன்னபடியே குறைகிறது.

மார்ச் 20, புதன்

மாரி வீட்டைக் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தேன். தீப்பெட்டி ஆபீஸ் தாண்டி, கடைசித் தெரு. அந்தத் தெருவுக்குள் நான் கால் வைத்தது, லைன் இழுத்த காலத்தில் கம்பம் நட ஒரு தடவை. அன்றும் சைக்கிளை விட்டு இறங்காமல் ஆளை ஏவிவிட்டு வந்தவன்தான்.

அவள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வெளியே எடுத்துப் போட்டாள். முதல் கேள்வி, "அக்கா சாப்புட்டுச்சா?"

"இல்ல. நாலு நாளாச்சு."

நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். நான் சூரியனைப் பற்றிச் சொன்னேன். காஜா சொன்னதைவிட விரிவாகவே சொன்னேன், சுவரில் விரலால் படம்கூடப் போட்டுக் காட்டினேன்.

"அப்ப சூரியன்தான்னு தெரிஞ்சதும் வந்துட்டீய."

"ஆமா."

"சூரியன் இல்லாட்டி நான்தான?"

சுவரில் வைத்திருந்த விரலை எடுத்துக்கொண்டேன்.

"நான் எதுக்கு சார் அந்த வெயில்ல மாடியில போய் உக்காந்தேன்? தலைய மட்டும் நிழல்ல வச்சிக்கிட்டு? கீழ ஃபேன் இல்லையா? பவுடர் எல்லாம் போட்டுத் துப்புப் பாத்தீயளே, இத ஒரு நாளாச்சும் யோசிச்சீயளா?"

இல்லை என்று சொன்னேன். அது பொய். யோசித்திருக்கிறேன். பதில் தெரிந்துதான் யோசிப்பதை நிறுத்தினேன்.

திரும்ப வா என்றேன். முடியாதாம். ஒரு டீச்சரம்மாவின் மாமியாரைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டுவிட்டாள், நாளைக்குச் சேர்கிறாளாம். "அங்க எனக்கு மாடிப்படி ஏறுத வேலை இல்ல சார்" என்றாள். எனக்காக இல்லை, செண்பகத்துக்காக வா என்றேன். "அக்காவுக்காகத்தான் இத்தன நாளும் வந்தேன். நீங்க தெரியாமலா இருக்கீய?"

வெயிலில் நடந்து போனதில் தொண்டை வறண்டிருந்தது. தண்ணீர் வேண்டுமா என்று அவள் கேட்கவில்லை. கேட்டு, நான் வேண்டாமென்று சொல்லி, அந்தச் சங்கடம் எதற்கு என்று நினைத்திருப்பாள். எனக்காக நினைத்தாளா, தனக்காகவா, தெரியவில்லை.

எழுந்தேன். போகும்போது, அவளை எப்படித்தான் சாப்பிட வைத்தாய், அதையாவது சொல் என்று கேட்டேன்.

"சொன்னா கோவப்படுவீய."

"மாட்டேன்."

"ஒரே தட்டுதான் சார். அக்காவுக்கு ஒரு வாய், எனக்கு ஒரு வாய். மொத நாள் என்ன பண்ணியும் வாயத் தொறக்கல. எனக்கு அழுகையா வந்துட்டு. என்ன தோணுச்சோ, அந்தத் தட்டுலயே ஒரு வாய் எடுத்து நான் தின்னேன். என்னையே பாத்துச்சு. பொறவு தானா வாயத் தொறந்துச்சு. அன்னைலருந்து அப்படித்தான். அதான் மாடியில ரெண்டு வாயோட எந்திரிச்சிருவேன்."

நான் முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது. இரண்டு மாதமாக. என் வீட்டுத் தட்டில்.

"இன்னொன்னு சார். முன் ரூம்ல நீங்க சாப்ட்டு எந்திரிச்சு, கை கழுவுத சத்தம் கேக்கணும். கேட்ட பொறவுதான் அக்கா வாயவே தொறக்கும். அதுவரைக்கும் நானும் தட்ட வச்சிக்கிட்டு உக்காந்திருப்பேன். எத்தன வருசப் பழக்கமோ அது."

நாற்பத்தோரு வருஷம். நான் சாப்பிட்டு எழுந்த பிறகு, அடுக்களையில், தனியாக. அவள் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. நான் பட்டினி கிடந்துகொண்டு அவளுக்குக் கரண்டியை நீட்டினால் அவள் எப்படித் திறப்பாள்?

ஞாயிற்றுக்கிழமை வந்து அக்காவைப் பார்க்கிறேன் என்றாள். கோபம் வரும் என்று வழி நெடுக எதிர்பார்த்தேன். வரவில்லை. வெட்கமாக இருந்தது.

மார்ச் 21, வியாழன்

பழுது இல்லை. சீரியல் முழுக்க ஓடியது.

முதலில் முன்னறையில் கொஞ்சம் சாப்பிட்டு, குழாயை நன்றாகத் திறந்துவிட்டுக் கை கழுவினேன். பிறகு தட்டோடு உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். ரசம் சாதம். ஒரு வாய் நான் எடுத்துத் தின்றேன். செண்பகம் பார்த்தாள். இன்னொரு வாய் தின்றேன். அவள் பார்வை மாறவில்லை, நான் ஏதோ விளையாட்டுக் காட்டுகிற மாதிரி. ஐந்தாவது வாய் இறங்கவில்லை. இருமினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்போது திறந்தாள்.

மூன்று வாய். டாக்டருக்குப் போன் செய்து சொன்னேன். சரி, திங்கள் வரை பார்ப்போம் என்றார்.

மார்ச் 22, வெள்ளி

காலையில் ஒரு இட்லி. மதியம் ஆறு வாய்.

மார்ச் 23, சனி

மதியம் பதினொரு வாய். டாக்டர் வந்தார். இப்போதைக்குக் குழாய் வேண்டாம் என்றார். செண்பகம் போர்வைக்குள்ளிருந்து இடது கையை வெளியே எடுத்தாள்.

பிள்ளையிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். "சரிப்பா" என்று வைத்துவிட்டான்.

மார்ச் 24, ஞாயிறு

மெஸ்ஸில் மூன்று பேர் சாப்பாடு சொல்லியிருந்தேன். செண்பகத்தின் கட்டிலுக்குப் பக்கத்தில் மேஜையை இழுத்துப் போட்டு, இரண்டு நாற்காலி, மூன்று தட்டு வைத்தேன். எல்லாம் ஒரே மாதிரித் தட்டு. இரண்டு தடவை துடைத்தேன்.

பதினொன்றரைக்கு மாரி வந்தாள். கையில் தூக்குவாளி இல்லை. செண்பகம் அவளைக் கண்டதும் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். மாரி குனிந்து கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். நான் அடுக்களைக்குப் போய் வேண்டுமென்றே பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்து, "மாரி, நான் செஞ்சது தப்பு. என்னை மன்னிச்சிரு" என்றேன். இதற்காகக் காலையிலிருந்து சொல்லிப் பார்த்து வைத்திருந்தவை வேறு. இவ்வளவுதான் வந்தது.

"சரி சார்" என்றாள். செண்பகத்தின் தலையைக் கோதிவிட்டுக்கொண்டே சொன்னாள். என்னைப் பார்க்கவில்லை.

"உக்காரு. எல்லாரும் சேந்து சாப்புடுவோம்."

தட்டுகளைப் பார்த்தாள். மூன்றையும் பார்த்தாள்.

"நான் சாப்ட்டுத்தான் சார் வந்தேன்."

ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரைக்கு யாரும் மதியச் சாப்பாடு சாப்பிட்டிருக்க மாட்டார்கள். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். நான் மேலே வற்புறுத்தவில்லை. வற்புறுத்த எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

நான் என் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மாரி செண்பகத்தின் தட்டில் சாதத்தைப் பிசைந்து ஊட்டப் போனாள். செண்பகம் வாயைத் திறக்கவில்லை. மாரி, "இன்னிக்கு நீ மட்டும் தின்னுக்கா, எனக்கு வயிறு நெறஞ்சிருக்கு" என்றாள். செண்பகம் தலையை ஆட்டினாள். பிறகு இடது கையைத் தட்டில் வைத்தாள். பழக்கமில்லாத கை. பாதிச் சோறு போர்வையில் சிந்தியது. மிச்சத்தை விரல்களில் சேர்த்துத் தூக்கி, மாரியின் வாய்க்கு நேராக நீட்டினாள்.

மாரி என்னைப் பார்த்தாள். அப்புறம் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள்.

மாரி ஊட்ட, செண்பகம் தின்றாள். செண்பகம் நீட்ட, மாரி தின்றாள். தட்டு காலியாகும் வரை அப்படியே நடந்தது. நான் கை கழுவும் சத்தத்துக்குச் செண்பகம் காத்திருக்கவில்லை. நான் என் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். என் வாயும் திறந்திருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தக் கை என் பக்கம் ஒரு தடவைகூட வரவில்லை.